எச்சிலும் உப்பும்

சென்ற தை மாதம் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கத்தோலிக்க நண்பர் ஒருவர் தம் தங்கையின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அழைத்திருந்தார். நான் வேறு மதத்தவன். ஆனாலும் யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் போய்விடுகிற புத்தி எனக்கு உண்டு. கதை எழுதுகிறவனுக்குச் சாப்பாட்டைவிடப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசுகிற பேச்சுத்தான் லாபம்.

கோயில் சிறியது. இளம் வயதுச் சுவாமியார். தமிழில் அழகாக ஜபித்தார், குழந்தை தலையில் தண்ணீர் ஊற்றினார், எண்ணெய் பூசினார், மெழுகுவர்த்தி ஏற்றிக் கொடுத்தார். அரை மணியில் காரியம் முடிந்தது. எல்லோருக்கும் திருப்தி. நண்பரின் பெரியம்மாவுக்கு மட்டும் முகம் சரியாக இல்லை. எண்பத்துநாலு வயது. வெள்ளைப் புடைவை, கழுத்தில் ஜபமாலை, பார்வை இன்னும் கூர்மை.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் என்னிடம் ஆரம்பித்தாள்.

"இதெல்லாம் ஒரு ஞானஸ்நானமா, தம்பி? எங்க காலத்திலே சாமியார் புள்ளை மூஞ்சியிலே மூணு தரம் ஊதுவாரு. நாக்கிலே உப்பு வைப்பாரு. எச்சிலைத் தொட்டுக் காதிலே வைப்பாரு, மூக்கிலே வைப்பாரு. எல்லாம் லத்தீன்லே. ஒண்ணும் புரியாது. ஆனா ஒரு பயபக்தி இருந்திச்சு. இப்ப ஊதலும் இல்லே, உப்பும் இல்லே."

"எச்சிலா, அம்மா?" என்றேன்.

பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தொடறாப்பலே பாவனை பண்ணுவாரு. தொடமாட்டாரு. என் மூத்தவனுக்கு ஊத்தினப்ப கிட்ட நின்னு பாத்தேன். கட்டைவிரலை வாய்கிட்டே கொண்டு போனாரு, அவ்வளவுதான். நல்ல மனுசன். புள்ளையைப் பெத்தவ மனசு அவருக்குத் தெரிஞ்சிருந்துது."

கோயில் முறையில் ஒன்றுகூட விடக்கூடாது என்பவளும் அவள்தான். முறையைச் சற்றே ஏமாற்றிய சுவாமியாரை அறுபது வருஷம் கழித்து மெச்சிக்கொள்பவளும் அவள்தான். இந்த முரண்பாட்டைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரியம்மாவுக்குத் தெரியாது, அந்தக் கட்டைவிரலுக்கும் வாய்க்கும் இடையே இருந்த இரண்டு அங்குல இடைவெளிக்காக ரோமாபுரியில் நாற்பது ஆண்டுகள் வழக்கு நடந்தது என்பது.

அந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு செவிட்டு மனிதன் வருகிறான். பேச்சும் சரியாக வராது. இயேசு அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போய்க் காதில் விரல்களை வைத்து, உமிழ்ந்து, நாக்கைத் தொட்டு, "எப்பத்தா" என்கிறார். திறக்கப்படு என்று அர்த்தம். காது திறக்கிறது, நாக்கின் கட்டு அவிழ்கிறது. இதைத்தான் ரோமைச் சபை ஞானஸ்நானச் சடங்கில் வைத்துக்கொண்டது. குரு தம் எச்சிலால் காதையும் மூக்கையும் தொட்டு அதே வார்த்தையைச் சொல்வார். உப்பு ஞானத்துக்கு அடையாளம். மூச்சு, கெட்ட ஆவியை ஓட்டுவதற்கு. இத்தாலியில் பிறந்த ஒரு குழந்தையின் தாய் இதையெல்லாம் பார்த்து மனம் குளிர்ந்திருப்பாள்.

நம் ஊரில்? எச்சில் என்ற சொல்லுக்கு நம்மிடம் எத்தனை கனம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எச்சில் இலை, எச்சில் கை, எச்சில் பண்டம். குடிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக் குடி என்று அம்மா முதுகில் ஓர் அடி வைத்துச் சொல்லித்தந்த பாடம் ஐம்பது வயதிலும் மறப்பதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கேட்கவே வேண்டாம். அதிலும் மாட்டிறைச்சி தின்று சாராயம் குடிக்கிறவன் என்று ஊர் முழுவதும் பேசுகிற ஒரு பரங்கி, பிறந்து பத்து நாள் ஆன குழந்தையின் முகத்தில் ஊதி, எச்சில் விரலால் தொட்டால்!

மதுரையில் இந்தச் சிக்கல் தொடங்குகிறது. 1606-ல் ராபர்ட்டு தெ நொபிலி அங்கே வந்து சேர்ந்தார். 1577-ல் இத்தாலியில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர், சேசு சபைக் குரு. அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துகீசிய சேசு சபைக் குரு மதுரையில் இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களுக்கு அவர் பூசை செய்தார். மதுரைக்காரர்கள் ஒருவரும் அவரிடம் வரவில்லை. காரணம் வேறொன்றுமில்லை. அவர் மார்க்கத்துக்குப் பரங்கி மார்க்கம் என்று பெயர். சேருவதென்றால் குலத்தைவிட்டுப் பரங்கி ஆவது என்று ஊரார் எண்ணினார்கள்.

நொபிலி காவியுடுத்தினார், மரக்கறி உணவு, நெற்றியில் சந்தனம். தமிழும் வடமொழியும் படித்தார். பெர்னாந்தஸோடு இருந்த வீட்டை விட்டுத் தனியே பிராமணர் வாழும் பகுதியில் குடியேறித் தனிக் கோயில் கட்டிக்கொண்டார். தம்மிடம் வந்தவர்கள் குடுமியும் பூணூலும் சந்தனமும் ஸ்நானமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். கோயில், வேதம், குரு, அருள், பிரசாதம், பூசை என்ற வார்த்தைகளைக் கிறிஸ்தவர் வாயில் புழங்க விட்டவர்களில் அவர் தலையானவர். அதற்கு முன் பூசைக்குப் போர்த்துகீசிய வார்த்தையையே தமிழில் எழுத, அது படிக்கிறவர் வாயில் 'மீசை' ஆகிவிட்டது என்று ஒரு கதை உண்டு. மீசை கேட்கக் கோயிலுக்கு வா என்றால் யார் வருவான்?

பாவம் பெர்னாந்தஸ். எனக்கு அவர்மேல் எப்போதும் ஓர் இரக்கம். சரித்திரம் நொபிலிக்குத்தான் மாலை போடுகிறது. ஆனால் பழைய வயிற்றுப்பாட்டு மனிதர்களுக்குப் பல வருஷம் ஒழுங்காகப் பூசை செய்துவந்த ஒருவர், நேற்று வந்த இளைஞர் தம்மைத் தீண்டத்தகாதவர்போல் வைத்துவிட்டுத் தனிக்கோயில் கட்டிக்கொண்டால் என்ன நினைப்பார்? 1610-ல் ரோமுக்குப் புகார் எழுதினார். கோவாவில் 1619-ல் விசாரணை நடந்தது. கோவா அதிமேற்றிராணியார் நொபிலிக்கு விரோதம். கொடுங்கல்லூர் அதிமேற்றிராணியார் சாதகம். கடைசியில் 1623 ஜனவரி 31-ல் பதினைந்தாம் கிரகோரியார் என்ற போப்பாண்டவர் நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் நான்கும் இருக்கலாம். பொய்த்தெய்வ வணக்கம் மட்டும் அதில் கலக்கக்கூடாது.

ஞானஸ்நானத்தில் எச்சிலையும் ஊதுதலையும் விட்டுவிடும் வழக்கம் எந்த நாளில் எவர் கையால் தொடங்கியது என்று தேடுவதில் பயனில்லை. இப்படிப்பட்டவை யாரும் தொடங்காமலே தொடங்கிவிடும். ஒரு குரு கூச்சப்பட்டு ஒரு தடவை விட்டிருப்பார். அடுத்தவர் அதுதான் முறை என்று நினைத்திருப்பார். 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்களையும் சபை அனுப்பிற்று. அவர்கள் எல்லாச் சாதியாரோடும் பழகலாம் என்பது ஏற்பாடு.

புதுச்சேரியில்தான் காரியம் முற்றியது. அங்கே பிரெஞ்சு சேசு சபையாரும் கப்பூச்சின் சபையாரும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது. கப்பூச்சின்கள் ரோமுக்கு ஆள் அனுப்பினார்கள். மலபார்ச் சடங்குகள் என்று அந்தச் சண்டைக்குப் பெயர். மலையாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தென்னாட்டுக்கே ஐரோப்பியர் அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள்.

1703 நவம்பரில் சார்லஸ் தூர்னோன் என்ற போப்பின் தூதர் சீனாவுக்குப் போகிற வழியில் புதுச்சேரியில் இறங்கினார். தூரின் நகரத்தவர். முப்பத்தைந்து வயதுக்காரர். அந்தியோக்கியாவின் பேரதிபர் என்ற பெரிய பட்டம். எட்டு மாதம் தங்கினார், அதிலும் பெரும்பகுதி நோய்ப்படுக்கையில். தமிழ் தெரியாது. உள்நாட்டு ஊர்களைப் பார்க்கவில்லை. சேசு சபையைச் சேர்ந்த பூஷே, பெர்த்தோல்தி என்ற இருவரைக் கூப்பிட்டு, இங்கே என்னென்ன வழக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர்கள் கள்ளமில்லாமல் சொன்னார்கள். அவர்கள் சொன்னதையே சாட்சியாக வைத்து 1704 ஜூன் 23 தேதியிட்டு ஒரு கட்டளை எழுதி, ஜூலை 8-ல் வெளியிட்டு, 11-ல் கப்பலேறிவிட்டார். மூன்று நாள்! ஒரு நாட்டின் வழக்கத்தை மாற்றிவிட்டு மூன்றாம் நாள் கப்பலேறுகிற மனிதரை நான் நாவலில் எழுதினால் நம்பமாட்டீர்கள்.

கட்டளையில் பதினாறு பிரிவு. முதலாவதே எச்சில்தான். ஞானஸ்நானத்தின் சடங்குகளில், விசேஷமாக எச்சில், உப்பு, ஊதுதல், இவற்றில் எதையும் விடக்கூடாது. குழந்தைக்கு ரோமைச் சபையின் புனிதர் பட்டியலில் உள்ள பெயரையே வைக்க வேண்டும். அறியாத வயதில் கல்யாணம் கூடாது. பிள்ளையார் உருவமுள்ள தாலி கூடாது, தேங்காய் உடைக்கக்கூடாது. பெண் பெரியவளானால் அதை விழாவாகக் கொண்டாடக்கூடாது. சாணச் சாம்பல் நெற்றியில் இடக்கூடாது. இப்படிப் போகிறது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோயில் திருவிழாவில் வாசிக்கக்கூடாது என்று ஒரு பிரிவு. இதைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. வருஷத்தில் இரண்டு நாள் நடக்கும் மாதா திருவிழாவை நம்பி ஒரு நாயனக்காரன் குடும்பம் நடத்துவது எப்படி என்பதை அந்தப் பேரதிபர் யோசித்திருக்க நியாயமில்லை.

இதுவரை படித்ததும், வெள்ளைக்காரத் திமிர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றிற்று. ஆனால் அதே கட்டளையில் வேறு இரண்டு பிரிவுகள் இருக்கின்றன.

ஒன்று, மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கோ பாவசங்கீர்த்தனத்துக்கோ வரவிடாமல் தடுக்கக்கூடாது என்பது. அடுத்தது பன்னிரண்டாவது. சேரியில் ஒருவன் சாகக் கிடந்தால் குரு அவன் குடிசைக்குள் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும் என்பது.

அப்படியானால் அதுவரை போகவில்லையா? போகவில்லை. உயர்சாதியாரிடையே வேலை செய்த குருக்கள் குடிசைக்குள் நுழையமாட்டார்கள். சாகிறவனைக் கட்டிலோடு தூக்கி வெளியே ஒரு துப்புரவான இடத்துக்கோ கோயிலுக்கோ கொண்டுவர வேண்டும். குடிசைக்குள் போய்வந்த குருவை மற்றவர்கள் தங்கள் வீட்டுப்படி ஏற்றமாட்டார்கள், அப்புறம் மார்க்கமே அவர்களுக்கு அடைபட்டுவிடும் என்பது சேசு சபையார் சொன்ன நியாயம். நியாயமில்லாமலும் இல்லை. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற ஒரு கிழவனைக் கார்த்திகை மழையில் தூக்கி வருவதை நினைத்துப் பார்த்தேன். எச்சிலைக் குழந்தையின் காதில் வைக்கத் தயங்கிய அதே தயக்கம்தான் குடிசை வாசலிலும் நின்றது. முதல் தயக்கத்துக்கு நாகரிகம் என்று பேர் கொடுக்க எனக்கு மனம் வருகிறது. இரண்டாவதற்கு என்ன பேர் கொடுப்பது? இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்பதை உணர்ந்த பிறகு, தூர்னோனை வைவதற்கு முன்போல் வாய் வரவில்லை. நம்மை ஒன்றுமறியாத அந்நியர் ஒருவர், படுக்கையில் கிடந்தபடி, நம் வீட்டில் நாம் பார்க்க மறுத்த ஒன்றைப் பார்த்துவிட்டார்.

தூர்னோனின் கதை சோகமானது. சீனாவிலும் இதே மாதிரிக் கட்டளை போட்டு, சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளாகி, மக்காவோவில் போர்த்துகீசியர் காவலில் 1710-ல் இறந்தார். இதற்கிடையே கர்தினால் பட்டம் வந்திருந்தது. இங்கே அவர் கட்டளை நிற்குமா நிற்காதா என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. பூஷேயும் லைனஸ் என்பவரும் ரோமுக்கே போய் வாதாடினார்கள். கோவா அதிமேற்றிராணியார் இந்தக் கட்டளை இங்கே செல்லாது என்றார். 1734-ல் ஒரு திருமுகம், 1739-ல் குருக்கள் எல்லோரும் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று இன்னொன்று. கடைசியாக 1744 செப்டம்பர் 12-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடிவான ஆணையை வெளியிட்டார். தூர்னோன் கட்டளை பெரும்பாலும் நின்றது. எச்சிலையும் ஊதுதலையும் மட்டும் ஒரு கால அளவுக்கு விட்டுக்கொடுத்தார். சேரி மக்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்கிறோம் என்று சேசு சபையார் சொன்ன யோசனையையும் ஏற்றுக்கொண்டார். ஆக, குடிசைக்குள் குரு போவார். ஆனால் அந்தக் குரு வேறு, இந்தக் குரு வேறு. ரோமாபுரியும் நம் ஊர் ஏற்பாட்டுக்கு வந்துவிட்டதைப் பாருங்கள்.

பெயர்கள் விஷயத்தில் தமிழ் தோற்கவில்லை. ஆணை வந்த மறு வருஷம், 1745-ல், திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். 2022-ல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அந்தத் தமிழ்ப்பெயரும் சேர்ந்தே உலகமெங்கும் போயிற்று. வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்று அழைத்ததும் இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான்.

அதே 1745 அக்டோபரில் புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கம் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் தீராத மோகம். கோயில் உள்ளே வடபுறம் ஒரு சுவர். ஒரு பக்கம் சேரிக் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும் சட்டைக்காரர்களும். காரைக்கால் சுவாமியார் தூண்டுதலில் சேரி மக்கள் பெரிய சுவாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்கு ஏன் சுவர் என்று கேட்டார்கள். கேள்விக்குப் பதில் இல்லை. சுவரை இடித்தார்கள்.

பிறகு ஒரு நாள் சாதிக் கிறிஸ்தவப் பெருமாட்டி ஒருத்தி மெல்லிய புடைவையும் நகையும் வாசனையுமாகப் பூசைக்கு வந்தாள். சுவாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த பிரம்பால் அவள் கொண்டையைக் குத்தி, நீ குடும்பஸ்திரீதானா, இப்படியா கோயிலுக்கு வருவது, எழுந்து போ என்றார். ஊரில் ஒரே அமளி. கவர்னர் தூப்ளே வரைக்கும் போயிற்று. பிள்ளை இதை எழுதும் தோரணையே அலாதி. தாம் இந்து, அடுத்த வீட்டுச் சண்டையைத் திண்ணையிலிருந்து பார்ப்பவர்போல் எழுதுகிறார். சுவரை இடித்த கையில் பிரம்பும் இருந்தது என்பதை அவர் விட்டுவிடவில்லை.

சேசு சபையே 1773-ல் போப்பாண்டவர் ஆணையால் கலைக்கப்பட்டது. நாற்பது வருஷம் கழித்து மீண்டும் உயிர்பெற்றுப் பிற்பாடு மதுரைக்குத் திரும்பியபோது, எச்சிலைப்பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. சுவர்தான் காத்துக்கொண்டிருந்தது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கோயில் எழும்பிற்று. நீண்ட கூடங்கள் இரண்டு. பலிபீடத்தருகில் வந்து கூடும். இந்தக் கூடத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கூடம் தெரியாது. சுவாமியார் இரண்டு பேருக்கும் தெரிவார். கால்சட்டைக் கோயில் என்று பெயர் வந்துவிட்டது. 1910-ல் நடுச்சுவரை இடித்தார்கள். வேளாளர் முதலியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சென்னை ஹைகோர்ட் வரை நடந்தது. தோற்றார்கள்.

1739-ல் விதித்த சத்தியத்தை ரோமாபுரி 1940-ல் எடுத்துவிட்டது. இருநூறு வருஷம் கப்பல் கப்பலாக வந்திறங்கிய குருக்கள் அதைச் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1963 டிசம்பரில் வழிபாட்டைப்பற்றிய சாசனம் வெளியாயிற்று. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. 1969 ஏப்ரலில் இந்திய ஆயர்கள் கேட்டபடி பன்னிரண்டு மாற்றங்களுக்கு அனுமதி வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காரலாம். கைகூப்பலாம், பஞ்சாங்க நமஸ்காரம் செய்யலாம், ஆரத்தி எடுக்கலாம், மெழுகுவர்த்திக்குப் பதில் குத்துவிளக்கு ஏற்றலாம். நொபிலி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் இது எங்களை இந்துவாக்கும் சூழ்ச்சி என்று கூச்சலிட்டவர்களும் கத்தோலிக்கர்கள்தான். நேற்றுவரை பரங்கி மார்க்கம் என்றதற்கு அழுதவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் குத்துவிளக்கு அந்நியமாகிவிட்டது.

அதே 1969-ல் ஞானஸ்நானச் சடங்கையும் ரோமாபுரி திருத்தி எழுதிற்று. ஊதுதல் போயிற்று, உப்பு போயிற்று, எச்சில் போயிற்று. எப்பத்தா என்ற வார்த்தை மட்டும் இருக்கிறது. காதையும் வாயையும் வெறும் விரலால் தொட்டுச் சொல்லலாம், விடவும் விடலாம். தமிழ்நாட்டுக்கு மட்டுமல்ல, உலகம் முழுவதற்கும்.

இத்தனையும் பெரியம்மாவிடம் சொன்னேன், சுருக்கமாகத்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அப்ப அந்தத் தூதர் சாமியார் குடிசைக்குப் போகச் சொன்னாராக்கும்?" என்றாள் திடீரென்று.

"ஆமாம், அம்மா."

"எங்க அப்பாரைக் கடைசியிலே கோயில் திண்ணைக்குத் தூக்கிட்டுத்தான் போனாங்க. சாமியார் வரமாட்டாருன்னு இல்லே. அவரு வந்தா தெருவிலே சண்டை வரும்னு நாங்களே தூக்கிட்டுப் போனோம்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பந்திக்கு அழைத்தார்கள். எழுந்து உள்ளே போனோம். குழந்தை தொட்டிலில் விழித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா நேரே சமையற்கட்டுக்குப் போய், ஜாடியிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து வந்து, தொட்டிலுக்கு மேல் குனிந்தாள்.

"பெரியம்மா, ஒரு வயசு வரைக்கும் உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க!" என்று தாய்க்காரி ஓடிவந்தாள்.

"தெரியும் போடி. தொடத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு, உப்பைப் பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோய், தொட்டும் தொடாமலும் எடுத்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.